இருநூற்றுப் பத்து கிராம் உள்சட்டை

இன்று காலை ஹெல்மெட் வைக்கும் அலமாரியின் அடித்தட்டைச் சுத்தம் செய்தபோது உன் சாம்பல் நிற உள்சட்டை கையில் வந்தது. முழுக்கை, மெல்லிய கம்பளி. நீ வேலை பார்த்த குளிர்கிடங்கின் வாடை இன்னும் போகவில்லை: நனைந்த அட்டைப்பெட்டி, உறைந்த பட்டாணி, கொஞ்சம் மீன். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பத்து கிராம். அன்றைக்கும் அதே எடைதான்.

எனக்கு எதுவும் ஆகவில்லை. அழுகை வரவில்லை. தராசை அணைத்துவிட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு விஜயநகர் ஏரியாவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததை எழுத உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நீ போய் ஐந்து மாதமாகிறது. பனிமலைக்கு எதையோ மறந்துவிட்டுப் போனதால்தான் உனக்கு இப்படி ஆனது என்று உங்கள் வீட்டில் நம்பியிருந்தார்கள். காரியத்தன்று உன் அம்மா வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்கள். "டிபன் பாக்ஸ மறப்பான், வண்டிச் சாவிய மறப்பான். அங்கயும் போயி எதையோ மறந்துட்டான் சாமி." நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நீ மறக்கவில்லை. நீ பையில் வைத்ததை நான்தான் எடுத்து வெளியே போட்டேன். அதைச் சொல்லாததற்குக் காரணம் பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறப் போன இடத்தில் பழகியவர்கள் நாம். நீ தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரன். நான் மைசூரிலேயே வளர்ந்தவன், வாயைத் திறந்தால் பாதி கன்னடம் வரும். "உன் தமிழுக்கு அடியில சினிமாவாட்டம் எழுத்து ஓட்டோணும் குரு" என்பாய். முந்தைய குளிர்காலத்தில் ஹிமாச்சலில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு வந்தோம். அடுத்த முறை லிப்ட் இல்லாத மலை என்று முடிவு செய்தோம். சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டு காலால் ஏற வேண்டும். மேலே போய்ப் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். எல்லாம் நம் முதுகில். அதனால் நான் கிராம் கணக்கில் ஒரு பட்டியல் போட்டேன். வாகன உதிரிபாகங்களைச் சோதிப்பது என் வேலை. அந்தத் திமிர் பட்டியல் முழுக்க இருந்தது.

மைசூரில் இதையெல்லாம் எங்கே போய் வாங்குவது? ஊட்டி ஸ்வெட்டர் கிடைக்கும், பைக்குக்கு ரெயின்கோட் கிடைக்கும். மற்றதெல்லாம் ஆன்லைன். பூட்ஸ் பழையதாகத்தான் அமைந்தது. காலுக்குப் பழக வேண்டுமென்று அந்த முரட்டு பிளாஸ்டிக் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உங்கள் தெருவில் ரோபோ மாதிரி நடந்தாய். எதிர்வீட்டு ரிட்டயர்டு அங்கிள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏனப்பா, காலு முரிதோய்தா?" என்று கேட்டார். கால் உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறாய் என்று நினைத்துவிட்டார். "இன்னூ இல்லா அங்கிள், முந்தின திங்களு" என்றாய். அடுத்த மாதம்தான் உடையும் என்று நீ சொன்னதற்கு அவர் நிஜமாகவே தலையாட்டினார்.

உடுப்பைச் சோதிக்க உன் கிடங்குதான் சரியான இடம் என்று சொன்னவன் நான். மைனஸ் பதினெட்டு. சரக்கு வராத ஒரு ஞாயிறு மதியம், உள்சட்டை, நடுச்சட்டை, இறகு ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டு பிளாஸ்டிக் கிரேட் பெட்டி மேல் உட்கார்ந்தோம். ஜாக்கெட்டுக்குள் வெப்பமானி வயரைச் செருகினேன். இரண்டு மணி நேரம் எண் அசையவே இல்லை.

"சும்மா உக்காந்தா என்ன தெரியும்?" என்றாய். "பொட்டி தூக்கிப் பாப்போம். வேர்த்தாத்தான் இங்க வெளையாட்டே."

"ஒரு டெஸ்ட்ல ஒண்ணத்தான் பார்க்கணும். குறுக்க பேசாதே."

"சரிங்க சார்."

உன் கிடங்கின் வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. சரக்கு இறக்குகிறவர்கள் ஒவ்வொருவரும் ஆணியில் இரண்டு பனியன் மாட்டியிருப்பார்கள். லாரி காலியானதும், டீக்குக்கூடப் போகாமல், நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டுவார்கள். சூபர்வைசரான நீயும் அப்படித்தான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் ஹாலில் எல்லாவற்றையும் பரப்பித் தராசில் வைத்தோம். பைக்குப் பதினொரு கிலோ என்று நான் வரம்பு வைத்திருந்தேன். உன் பை தாண்டியது. உள்ளே இரண்டு உள்சட்டை. ஒன்றை உருவினேன்.

"ஒண்ணு போதும்."

"நனைஞ்சா?"

"கம்பளிடா. நனைஞ்சாலும் சூடு கொடுக்கும். லேபிள்லயே போட்டிருக்கான்."

"எங்க லோடிங் ஆளுக ரெண்டு வெச்சிருக்காங்க, பாத்திருக்கியல்ல?"

"அவங்க மூட்டை தூக்கறவங்க. நாம மலை ஏறப் போறோம்."

நீ சட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். சிரித்தாய். "சரி குரு. நீதானே இன்ஜினியரு."

மலைக்கு நாம் அமர்த்தியிருந்த வழிகாட்டி அனுப்பிய பட்டியலிலும் இரண்டு என்றுதான் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் கேட்டார். நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டோம் என்று உனக்கும் சேர்த்து நானே பதில் சொன்னேன். என் பையிலும் ஒன்றுதான் இருந்தது. ஆனால் எனக்கு அவ்வளவாக வேர்க்காது. நீ மாடிப்படி ஏறினாலே முதுகு நனைகிற ஆள். ஒரே பட்டியலை இரண்டு உடம்புக்குப் போட்டேன். தொழிற்சாலையில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவன் முகத்துக்கு நேரே முட்டாள் என்று சொல்லியிருப்பேன்.

மூன்று மணி நேரம் ஏறினோம். கணவாயின் மேலே காற்று. இறங்கப் போகும்போது என் பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் கொக்கியில் பனி இறுகிவிட்டது. வழிகாட்டி உதவ வந்தார். எனக்குத் தெரியும் என்று தள்ளிவிட்டேன். நாற்பது நிமிடம் குத்திக்கொண்டிருந்தேன். நீ எனக்காக நின்றாய். ஏறும்போது வேர்த்த ஈரம் ஜாக்கெட்டுக்குள் அப்படியே இருந்தது. முதலில் நடுங்கினாய், அப்புறம் நடுக்கம் நின்றது. "இப்ப குளிரல குரு" என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. வழிகாட்டியின் முகம்தான் மாறியது. மாற்றுச் சட்டை எங்கே என்று கேட்டார். அதற்குப் பிறகு காற்று பலத்துவிட்டது. உன்னைச் சுற்றிக் கட்டி இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் கொடுத்த தாளில் உடல் வெப்பம் இறங்கியதால் என்று ஒரே ஒரு வரி.

இன்று உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தது உன் அக்கா. "வேல நாள்ல என்ன?" என்றார். உட்காராமலேயே சொன்னேன். தராசு, பட்டியல், வழிகாட்டி கேட்டது, கொக்கி. ஆபீஸில் ரிப்போர்ட் படிப்பதுபோலத்தான் என் குரல் இருந்தது. வேறு குரலில் சொல்ல வரவில்லை.

"இத அஞ்சு மாசமா உள்ளயே வெச்சிருந்தியா?"

"அலமாரியில இருந்ததுக்கா. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"சட்டையக் கேக்கல நான்."

நான் கையிலிருந்த சட்டையை மறுபடி மடித்தேன். "அம்மாட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்று உள்ளே கையைக் காட்டினார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை. கடைசியில்தான் நிமிர்ந்தார்கள்.

"அப்ப அவன் எடுத்து வெச்சானா?"

"வெச்சான்மா. ரெண்டு வெச்சான்."

"நீயா எடுத்த?"

"நான்தான்."

"மறக்கல?"

"மறக்கலம்மா."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கி மடியில் போட்டார்கள். முகர்ந்து பார்த்தார்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். "ஹனூருக்குப் போன் போடு. சித்தப்பன்கிட்டச் சொல்லு, மாமன்கிட்டச் சொல்லு. அவன் மறக்கலையாமா. எடுத்துத்தான் வெச்சானாமா." ஒவ்வொருவராக எட்டுப் பேருக்குப் போன் போனது. எட்டுப் பேருக்கும் அதே இரண்டு வாக்கியம். என் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

உன் வீட்டை விட்டு எப்போது கிளம்பினாலும் அம்மா "போயிட்டு வா கண்ணு" என்பார்கள். இன்று "கெளம்பு" என்றார்கள். அவ்வளவுதான். சட்டையைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தேன். உன் பெயருக்கு நேரே உள்சட்டை 2 என்று திருத்தினேன். வரம்பைத் தாண்டினால் சிவப்பாகும்படி மொத்த எடைக் கட்டத்துக்கு விதி எழுதி வைத்தவன் நான்தான். சிவப்பானது. அப்படியே சேமித்தேன்.

ஒன்றை மட்டும் உன் வீட்டில் சொல்லவில்லை. மலையிலிருந்து திரும்பிய வாரத்திலிருந்து என் ஆபீஸ் பையில் ஒரு காய்ந்த பனியன் இருக்கிறது. மைசூர் வெயிலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. தினமும் தூக்கிக்கொண்டு போகிறேன், தினமும் தூக்கிக்கொண்டு வருகிறேன். அதை மட்டும் நான் எடை போட்டுப் பார்த்ததில்லை.