கிளம்பிட்டேன் என்று நீ சொன்ன பிறகு

கண்ணு,

இன்று உன் டிபன் டப்பா வீட்டுக்கு வந்தது. உன்னோடு அடையாறு ஆபீசில் வேலை பார்த்த பெண் கொண்டுவந்து கொடுத்தாள். கழுவித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் மூடி ரப்பரில் இன்னும் மீன் குழம்பு வாடை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆன்ட்டி, செவ்வாய் கிரகத்துக்கு அனுப்பின விண்கலம் போய்ச் சேர்ந்திடுச்சு. அவ கணக்குப் போட்டுச் சொன்ன பாதையிலதான் போச்சு" என்றாள். சந்தோஷப்படணும்தான். நான் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அது என்னடி கணக்கு என்று ஒருநாள் உன்னைக் கேட்டேனே. நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பூனையை விரட்டிக்கொண்டிருந்தாய்.

"அது எங்க கீதுன்னு கண்ணால பாப்பீங்களா?"

"இல்லம்மா. அதுகிட்டருந்து சிக்னல் வரும். அத வச்சு எவ்ளோ தூரம், எவ்ளோ வேகம்னு கணக்குப் போட்டு, இப்ப இங்கதான் இருக்கும்னு சொல்லுவோம். கிட்ட போகப் போகத்தான் பயமே. கொஞ்சம் பிசகுனா மோதிடும், இல்லன்னா தாண்டிப் போய்டும்."

"இதுக்கா சம்பளம் தர்றான்? நீ ஒரு போன் பண்ணா, இப்ப எங்க வந்துகினு கீறன்னு நானும்தான் சொல்லுவேன்."

"ஐய, பெரிய சயின்டிஸ்ட்டு!" விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சொன்னாய்: "ஆனா சிக்னல் வந்து சேர நேரமாவும்மா. நமக்குக் கேக்கறதெல்லாம் பழசு. கேக்கும்போது அங்க இன்னா ஆயிருக்குமோ, யாருக்குத் தெரியும்?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ போன அன்று சாயங்காலமும் "கிளம்பிட்டேன்மா" என்று போன் செய்தாய். எப்போதும் போல மனசுக்குள்ளேயே உன்னைக் கூட்டிவந்தேன். இப்போ அடையாறு சிக்னல். இப்போ பாலம். இப்போ பட்டினப்பாக்கம் திருப்பம். நீ வண்டியை நிறுத்தும்போது தட்டில் சூடாக விழவேண்டும் என்று சங்கரா மீனை எண்ணெயில் போட்டேன். "வந்துட்டா பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னேன்.

நீ பாலத்தைத் தாண்டவே இல்லை. லாரி அடித்துப் போட்டிருந்தது. நீ இல்லை, நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். பெற்ற வயிற்றில் ஒரு சுருக்காவது வந்திருக்க வேண்டாமா? ஒன்றுமே வரவில்லையே, கண்ணு. இது எப்படி என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் ஆனால் மனசு தானாகக் கிளம்பிவிடுகிறது. ஆபீஸ் வாசல், சிக்னல், பாலம் வரைக்கும் வருகிறாய். அதற்கு மேல் உன்னை எப்படிக் கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை.