ஊற்றுவாயில் ஒரு சத்தம்

அக்டோபர் 3
ஊற்று வெந்நீர் நிறையும் ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தைக் கழுவும் முறை இன்று எங்கள் வீட்டுக்கு. துணைக்கு வந்த பக்கத்து வீட்டு மசூயே அக்காவும் நானும் தொட்டியைத் தேய்த்தோம். எப்போதும் இரண்டாம் படியைத் தொடும் வெந்நீர் இன்று ஒரு விரற்கடை கீழே நின்றது. "மழை கம்மிக்கா, அதான்," என்றேன். அக்கா அந்த இடைவெளியை விரல் வைத்து அளந்தாள்.

அக்டோபர் 6
காரணம் மழை இல்லை, எனக்கே தெரியும். பூமிக்கடியில் உள்ள நீராவியிலிருந்து மின்சாரம் எடுக்க எங்கள் கம்பெனி மலையில் கிணறு தோண்டியிருக்கிறது. வரைபடம் என்னுடையது. குழாய் நீளம் குறையட்டும் என்று கிணற்றை இருநூறு மீட்டர் ஊர்ப்பக்கம் தள்ளியது நான்தான். அது ஊருக்குத் தெரியாது. குளியலுக்கு ஆபத்தில்லை என்று ஊர்க்கூட்டத்தில் அடித்துச் சொன்னவளும் நானே.

அக்டோபர் 7
கிணற்றில் பச்சைச் சாயம் விட்டோம். உடம்புக்குக் கெடுதல் இல்லாதது. கிணற்றுக்கும் ஊற்றுக்கும் அடியில் வழி இருந்தால் குளியலில் பச்சை தெரியும். வராது. வரக்கூடாது.

அக்டோபர் 9
குளிக்கும்போது ஊற்றுவாயில் காது வைத்தேன். டொக்... டொக்... மலைக் கிணற்றில் ஓடும் எங்கள் பம்பின் அதே தாளம்.

அக்டோபர் 10
விசாரித்தேன். நேற்று பம்ப் ஓடவே இல்லையாம்.

அக்டோபர் 12
குளியலுக்குள் போகிறவர் வாசலில் தன் பெயர்ப்பலகையைச் சிவப்புப் பக்கம் திருப்பி மாட்ட வேண்டும். சாயங்காலம் ஏழு பலகைகள் சிவப்பு. உள்ளே பேச்சுமூச்சில்லை. கதவைத் தள்ளினேன்.

ஏழு பெண்கள், கழுத்தளவு பச்சைத் தண்ணீரில். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் மட்டும் காலி.

"வா ஹிசானோ. உனக்குத்தான் இடம் போட்டு வெச்சிருக்கோம்," என்றாள் மசூயே அக்கா.

"அக்கா, இது வந்து..."

"தெரியும்டி. உன் சாயம்தானே? இறங்கு."

இறங்கினேன். முன்பெல்லாம் கால் வைத்தாலே சுடும். இன்று வெறும் வெதுவெதுப்பு. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! அழுதேன். யாரும் தேற்றவில்லை.

அக்டோபர் 13
இடத்தை மாற்றியது நான், கிணற்றை மூட வேண்டும் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். ஃபுகுஓகா தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் கினோஷிதா போனில் கூப்பிட்டார். "வேலை போயிடும்மா, யோசிச்சுக்கோ."
யோசித்தாயிற்று.

நவம்பர் 2
கிணற்றை மூடி இரண்டு வாரம். எனக்கும் வேலை இல்லை. குளியல் சாவியை மசூயே அக்கா என் கையில் திணித்தாள். "தினமும் நீயே அளந்து எழுதி வை. வேற யார் அளக்கிறது?"

தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனால் மூன்றாம் படிக்கு இறங்கியிருக்கிறது. எழுதி வைத்தேன்.

காது வைத்துக் கேட்டேன். டொக்... டொக்...

பம்பைப் போன வாரமே கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.