மூன்றாவது பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, பக்கம் 14. "கதவைத் திறக்கும் முன் இயந்திரம் முழுமையாக நின்றுவிட்டதா என்று பார்க்கவும்." இருபத்திரண்டு வருடமாக இந்த வாக்கியத்தை வெவ்வேறு இயந்திரங்களுக்கு எழுதிவருகிறேன். ஒரு வாசகர்கூட இல்லாமல் இத்தனை பதிப்பு கண்ட எழுத்தாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மதியம் அண்ணன் மகளிடமிருந்து பார்சல். சோப்புப் பெட்டி அளவு டப்பாவில் நான்கு வட்டப் பொத்தான்கள். கம்பி கிடையாது, உள்ளே கடிகார பாட்டரி, முதுகில் ஒட்டும் பட்டை. பின்னாலேயே போனும் வந்தது.

"சித்தப்பா, உங்க கார்ல எல்லாமே அந்தப் பெரிய ஸ்கிரீன்லதானே இருக்கு? அப்பாவுக்கு அது எட்டாது. இதை அவர் கைக்குப் பக்கத்துல ஒட்டிடுங்க. ஒரு தட்டு தட்டினா வேலை நடக்கும்."

"உங்கப்பா என்னைத் தட்டினாலே வேலை நடக்குதேம்மா."

சிரித்தாள். வெளிநாட்டு அழைப்பில் சிரிப்புக்கும் அதே கட்டணம்தான்.

மார்ச் 4, புதன்

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருக்கும் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைச் செருக வேண்டும். பொத்தான் சொல்வதைக் காருக்குச் சொல்வது அதன் வேலை. எந்தப் பொத்தான் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கைபேசிச் செயலியில் நாம் தீர்மானிக்கலாம். கூடவே வந்த கையேடு படுமோசம். தொழில்முறையில் வருந்தினேன்.

அண்ணனின் இடதுகை எட்டும்படி, கதவோரம் வரிசையாக ஒட்டினேன். ஒன்று, ஜன்னல் கண்ணாடி. இரண்டு, ஏசி. மூன்று, டிக்கி. நான்கு, இருக்கையைச் சாய்ப்பது. டிக்கியை எதற்குக் கொடுத்தேன்? அவன் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் அதில்தான் இருக்கிறது. அதை எடுக்கும் உத்தரவாவது அவன் கையில் இருக்கட்டுமே.

என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ரயில் நிலையத்தில் முப்பத்திநாலு வருடம் அறிவிப்பாளர். "இத்தனை வருஷமா தாமதத்துக்கு வருந்துகிறோம், வருந்துகிறோம்னு சொல்லியிருக்கேன்டா. ஒருத்தனாவது 'பரவாயில்லை'ன்னு சொன்னானா?" என்பான், பேச்சு இருந்தபோது. அண்ணி போய் ஆறு வருடம். அவன் என் வீட்டுக்கு வந்தது போன ஆகஸ்டில், பக்கவாதத்துக்குப் பிறகு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. மிச்சம் வைத்தது இரண்டு சொல்: "கனிவான கவனத்திற்கு." தண்ணீர் கேட்டாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். அதற்குப் பின்னால் வரவேண்டிய ரயில் மட்டும் வருவதில்லை.

மார்ச் 7, சனி

நான்கு பொத்தான்களுக்கும் ஒரு பக்கக் கையேடு எழுதினேன். பெரிய எழுத்து, படங்களோடு. அண்ணன் வாங்கிப் பார்த்தான். இடதுகையால் மடித்தான். விசிறிக்கொண்டான். என் எழுத்து ஒருவருக்குப் பயன்பட்டதை முதல்முறையாக நேரில் பார்த்தேன்.

மார்ச் 13, வெள்ளி

பிசியோதெரபி பயிற்சி மையத்திலிருந்து திரும்பி வாசலில் நிறுத்தினேன். நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் பின்னால் டிக்கி திறந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, மோவாயை உயர்த்தி, "கனிவான கவனத்திற்கு" என்றான். பழைய குரல். வண்டி வந்து சேர்ந்துவிட்டதாம்.

மார்ச் 27, வெள்ளி

வீட்டு வாசலில் மட்டும்தான் மூன்றை அழுத்துகிறான். பயிற்சி மையத்திலும் ஆஸ்பத்திரியிலும் நான்தான் திறக்க வேண்டியிருக்கிறது. "பயன்பாடு சீராக இல்லை; மறதி" என்று அவன் மகளுக்கு எழுதினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று மானம் போயிற்று. வீடு திரும்பும் வழியில் எங்கள் தெருமுனை சிக்னல், சிவப்பு. அண்ணன் மூன்றை அழுத்திவிட்டான். டிக்கி திறந்து நடைச்சட்டம் நடுரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த பைக்காரர் பிரேக் போட்டுச் சரிந்தார். முழங்கையில் சிராய்ப்பு.

"யோவ், வீட்டு அலமாரிய மூடிட்டு வரத் தெரியாதா?"

மன்னிப்புக் கேட்டேன். காருக்குள் வந்து கத்தினேன். "ஒரே ஒரு பட்டன்! அதை எங்க அழுத்தணும்னுகூடவா தெரியாது உனக்கு?" கையேட்டில் பொத்தான் என்று எழுதுபவன், கோபம் வந்தால் பட்டன் என்கிறேன்.

அவன் "கனிவான—" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அந்த இரண்டு சொல்லையும் பாதியில் நிறுத்தியது இதுவே முதல் தடவை.

ஏப்ரல் 10, வெள்ளி

செயலியைத் திறந்து மூன்றாவது பொத்தானுக்கு நேராக "செயல்: இல்லை" என்று மாற்றினேன். பொத்தானைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் வருத்தப்படுவான். அழுத்திக்கொள்ளட்டும், ஒன்றும் நடக்காது. அவனிடம் சொல்லவும் இல்லை. கையேட்டுக்குத் திருத்தம் வெளியிடாத உற்பத்தியாளர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

ஏப்ரல் 18, சனி

குளியலறையில் வழுக்கினான். நான் அவனைப் பிடித்தேன். என்னைப் பிடிக்க ஆள் இல்லை. அவனுக்கு அடி இல்லை. எனக்கு இடுப்பு.

ஏப்ரல் 22, புதன்

மகள்: "உங்களைக் குத்தம் சொல்லல சித்தப்பா. நீங்களும் விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு தூக்குறது? நானும் அங்க இல்ல. ஒரு மூணு மாசம் நல்ல பராமரிப்பு இல்லத்துல இருக்கட்டுமே."

அண்ணனிடம் மூன்று மாதம் என்று கேட்டேன். கேட்டேனா? சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 4, திங்கள்

கொண்டுபோய் விட்டேன்.

அவனைக் காரில் உட்காரவைத்து, துணிப்பெட்டியை டிக்கியில் வைத்து, கேஸை மூட, ஜன்னல்களைச் சாத்த, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்க என்று உள்ளே போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவை கார்க் கதவைத் திறந்தபோதும் உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தேன். பொருட்படுத்தவில்லை.

இல்லத்தின் வாசலில் நிறுத்திப் பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஸ்கிரீனைத் தொட்டு டிக்கியை நானே திறந்தேன். கீழ்த்தள அறை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். சுத்தமாக இருக்கிறது, ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

மே 5, செவ்வாய்

வீட்டில் சத்தமே இல்லை. கையேடு ஒன்பது பக்கம் முடிந்தது.

மே 10, ஞாயிறு

பார்த்துவிட்டு வந்தேன். கையை இறுக்க மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பேசவில்லை, அந்த இரண்டு சொல்கூட.

காரைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், மூன்றாவது பொத்தானைக் காணோம். பசை மட்டும் வட்டமாக இருக்கிறது. இருக்கைக்கு அடியிலும் இல்லை. கடைசியாக எப்போது வேலை செய்தது என்று பார்க்கச் செயலியைத் திறந்தேன். பதிவுப் பட்டியல் என்று ஒன்று உண்டு. இதுவரை நான் படித்ததில்லை. கையேடு எழுதுகிறவனே படிக்காவிட்டால்...

மே 4. பொத்தான் 3. காலை 9.10 முதல் 9.17 வரை. முப்பத்தொரு தடவை. ஒவ்வொன்றுக்கும் எதிரில்: செயல் இல்லை. செயல் இல்லை. செயல் இல்லை.

9.17-க்குத்தான் வாசலிலிருந்து காரை எடுத்தேன். அதற்குப் பிறகு வழி நெடுக ஒன்றுகூட இல்லை. இல்லத்து வாசலில் ஒன்றும் இல்லை.

மறதியாம். சீராக இல்லையாம். அட முட்டாளே, அவன் ஒரே ஒரு விஷயத்தைத்தானே ஒரு தடவைகூடப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தான். 'நான் இறங்கும் இடம் இது' என்று. அன்றைக்கு சிக்னலில்கூட, தெருமுனை வந்துவிட்டது என்று முன்னறிவிப்பு செய்திருக்கிறான். தொழில் அப்படி.

"செயல்: டிக்கி" என்று திரும்ப மாற்றினேன். எங்காவது விழுந்து கிடந்து யாராவது மிதித்தால் டிக்கி திறக்கும், கண்டுபிடித்துவிடலாம் என்று காரணமும் எழுதிக்கொள்கிறேன்.

மே 17, ஞாயிறு

அவன் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். பெல்ட்டில் கை வைக்கிறேன், பின்னால் டிக்கி திறக்கிறது.

ஜன்னலில் அண்ணன். கையில் மூன்றாவது பொத்தான்.

உள்ளே போய், "அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன்ணா" என்றேன். தலையை ஆட்டினான். பெட்டியைக் கண்ணால் காட்டினான். வெளியே வந்து டிக்கியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மே 31, ஞாயிறு

டிக்கி திறந்தது. மூடினேன். இடுப்பு இன்னும் சரியாகவில்லை. குளியலறையில் கைப்பிடி பொருத்த ஆள் வரவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

திறந்தது. மூடினேன். மின் அடுப்புக் கையேடு இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

செவிலியர் வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க எலக்ட்ரிக் கார்தான் சத்தமே போடாதே. நீங்க எப்ப வருவீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அதனால ஞாயித்துக்கிழமை காலையில விடிஞ்சதும் ஜன்னல்கிட்ட உக்காந்து அந்தப் பட்டனை அழுத்த ஆரம்பிச்சிடுவார். நீங்க வர்ற வரைக்கும் அழுத்திக்கிட்டே இருப்பார். சாப்பிடவும் மாட்டார்."

வழக்கமாகப் பதினொரு மணிக்குப் போவேன். கார் எட்டத்தில் இருக்கும்போது அழுத்தியவை பதிவுப் பட்டியலில் வராது.

ஜூன் 15, திங்கள்

அடுப்புக் கையேடு தர முடியாது என்று எழுதிவிட்டேன். கைப்பிடி பொருத்தும் ஆள் நாளை வருகிறார். பகலுக்கு ஓர் உதவியாளர் அம்மா கிடைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் நான்கு போன்தான் ஆயிற்று. நாற்பது நாளாக முடியாதது.

ஜூன் 21, ஞாயிறு

காலை ஏழரைக்கே போனேன். டிக்கி திறந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு" என்றேன். "கனிவான கவனத்திற்கு" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்த்து, "எத்தனாவது பிளாட்பாரம்?" என்றார். பொத்தானுக்குப் புது பாட்டரி போட்டுக்கொடுத்தேன்.

ஜூன் 26, வெள்ளி

இல்லத்திலிருந்து போன். பக்கவாதம் இன்னொரு தடவை வந்திருக்கிறது. "லேசானதுதான் சார்" என்றார்கள்.

இடது கை.

ஜூன் 28, ஞாயிறு

ஏழரை மணி. ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தெரியும். பாட்டரி புதிது என்றும் தெரியும். எட்டேகால் வரை இருந்தேன். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். செவிலியர் பொத்தானை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 5, ஞாயிறு

டாக்டர் அனுப்பிவிட்டார். இனி செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லையாம்.

பொத்தானைப் பழைய பசை வட்டத்தின் மேலேயே ஒட்டியிருந்தேன். தெருமுனை சிக்னல் சிவப்பு. பைக்குகள் பின்னால் வந்து நின்றன. அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அந்த இரண்டு சொல்லும் இப்போது இல்லை.

வாசலில் நிறுத்தினேன். உதவியாளர் அம்மா சக்கர நாற்காலியோடு படியில் நின்றார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பெல்ட்டைக் கழற்றி, சாய்ந்து, அவன் இடதுகையை எடுத்தேன். கனமாக இருந்தது. அவன் விரலை மூன்றாவது பொத்தான் மேல் வைத்து, மேலே என் விரலை வைத்து அழுத்தினேன்.

டிக்கி திறந்தது.

"தாமதத்துக்கு வருந்துகிறேன்ணா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் போய்ப் பெட்டியை இறக்கினேன்.