மாதா காலடியில் வைத்த கடிதம்

எண்ணூர் ஆற்றில் எண்ணெய் படிந்ததே, அதற்கு அடுத்த வருஷம். செவ்வாய்க்கிழமை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போனில் சொல்லி வைக்கிறேன்.

பேத்தி ஷாரனைப் பைலட் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டுமாம். காலேஜ் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

"படிப்ப முட்சிட்டு அப்பால பற," என்றான் அவள் அப்பன், என் மகன் சேவியர். "என்னக்கூடத்தான் கப்பல் வேலைக்கு எடுக்கல. செத்தா பூட்டேன்?"

"உன்ன எடுக்கலப்பா. என்ன எடுத்துக்கீறாங்க."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அவனையும் எடுத்திருந்தார்கள். கப்பல் கம்பெனிக் கடிதம் வந்தபோது அவன் வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருந்தான். நல்ல சேதியாக இருக்கட்டும் என்று, பிரிக்காமலே மாதா காலடியில் வைத்து ஒன்பது நாள் ஜெபித்தேன். பிறகு கோயில் உபதேசியார் படித்தார். கப்பலுக்கு வரச் சொன்ன தேதி தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. என் மனைவி செலின் அதை அடுப்பில் போட்டாள்.

காலெல்லாம் கொப்புளத்தோடு வந்தவன், "லெட்டர் வந்துச்சா நைனா?" என்றான். வரல என்றேன்.

தேதி தவறியதால்தான் அவன் வேலை போனது என்று இப்போது சொன்னால் ஷாரனைப் போக விடுவான். என் முகத்தில் முழிப்பானா?

உபதேசியார் போய்விட்டார். செலினும் போய்விட்டாள். விஷயம் தெரிந்து உயிரோடு இருப்பது இந்த ராயப்பன் ஒருவன்தான்.