ஈயக்குண்டின் நடு

பலெர்மோ
3 மார்ச் 2025

மதிப்புக்குரிய ஆசிரியை வித்யாலட்சுமி அவர்களுக்கு,

கோபாலசிங்கம் எழுதுவது. உங்கள் தொலைக்கல்விப் பௌதிக வகுப்பில் ஆக வயதான மாணவன். என் ஊசல் சோதனையைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். மெய்நிகர் ஆய்வுகூடத்தில் நான் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லையாம், புவியீர்ப்பு 9.39 என்பது இட்டுக்கட்டிய எண்ணாம்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் கோப்பை கழுவும் உணவகத்துக்கு மீன் கொண்டுவருபவரிடம் தூண்டிலில் கட்டும் பெரிய ஈயக்குண்டு வாங்கி, பல்கனியில் கட்டி, ஐந்து நீளங்களில் ஆட்டி அளந்தேன். என் மனைவி ஞானம்பிகை சாட்சி. "உடுப்புக் கொடியிலை ஈயத்தைக் கட்டி ஆட்டுறியள். கீழை போற சிஞ்ஞோராவின்ரை தலையிலை விழுந்தால் குவெஸ்தூராவிலை பொலிஸ்காரன்தான் உங்களுக்குப் பரீட்சை வைப்பான்!" என்று ஏசியபடியே அலைவுகளை எண்ணித் தந்தவள் அவள்தான்.

திரையில் ஆடும் பொம்மையைப் பார்த்து நான் எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
கோ.

---

சென்னை
5 மார்ச்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இட்டுக்கட்டியது என்றது மதிப்பீட்டுக் குழு. ஆனால் கையெழுத்து என்னுடையது, மன்னியுங்கள்.

பதினான்காம் தேதிக்குள் நாற்பது நிமிட வருகை பதிவாகாவிட்டால் உங்கள் பெயரை நீக்கிவிடுவார்கள். மூன்று வருடப் படிப்பு, ஐயா. எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே போய்ச் சும்மாவாவது இருங்கள். திரையில் வரும் எண்ணை எழுதி அனுப்புங்கள், போதும்.

வித்யாலட்சுமி

---

பலெர்மோ
9 மார்ச்

ஆசிரியைக்கு,

1979இல் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் என்பது ஒரு பூட்டிய அறை. முந்தின வருட மாணவனின் கொப்பியைப் பார்த்து ஊசலின் அளவுகளை எழுதினோம். பரீட்சையில் உண்மையான ஊசலைக் கையில் தந்தார்கள். நூலை எங்கே கட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. மீதியெல்லாம் நானாகப் படித்தது.

இனிப் பார்த்து எழுதமாட்டேன். பெயரை நீக்கட்டும்.

நான்கு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்கிறாள் ஞானம்பிகை. அது வேறு விஷயம்.

கோபாலசிங்கம்

---

சென்னை
11 மார்ச்

அன்புள்ள ஐயா,

உங்கள் ஐந்து அளவுகளையும் வரைபடத்தில் குறித்தேன். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. கோட்டின் சரிவு, புத்தகத்தில் உள்ள 9.80ஐயே தருகிறது! ஆனால் கோடு தொடக்கப் புள்ளியைத் தொடாமல் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. இட்டுக்கட்டுகிறவர்களுக்கு இப்படிப் பிழை வராது. நூலை முடிச்சுவரை அளந்தீர்களா? குண்டின் நடுவரை அளக்க வேண்டும்.

குழுவிடம் சொல்லிப் பார்த்தேன். வருகை இல்லாமல் ஏற்கமாட்டார்களாம். மூன்றே நாள், ஐயா. சாப்பிடுங்கள்.

வித்யாலட்சுமி

---

பலெர்மோ
13 மார்ச்

ஆசிரியைக்கு,

முடிச்சுவரைதான் அளந்தேன். இப்போது குண்டைக் கழற்றி அளந்தேன். முடிச்சிலிருந்து நடுவுக்கு இரண்டரை சென்ரிமீற்றர். பிழை என்னுடையது. நாற்பத்தாறு வருடமாக யாரும் எனக்குச் சொல்லித்தராதது.

இன்று உங்கள் ஆய்வுகூடத்துக்குள் போனேன். குண்டின் பருமனை மாற்ற அங்கே வசதி இருக்கிறது. என் குண்டின் பருமனை வைத்து, அதே ஐந்து நீளங்களில் நூலைக் கட்டி ஆட்டினேன். பல்கனியில் வந்த நேரங்களே வந்தன. "பொம்மைக்கு வெக்கமில்லை, உங்களைப் பார்த்து எழுதுது" என்றாள் ஞானம்பிகை. நாற்பது நிமிடம் கேட்டீர்கள். இரண்டு மணித்தியாலம் இருந்தேன்.

என் சோதனைப் பதிவேட்டின் படம் இத்துடன் வருகிறது. 9.39ஐ அழிக்கவில்லை. ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 9.80 எழுதி, கையெழுத்து வைத்திருக்கிறேன். வெட்டியது தெரியவேண்டும். குழுவுக்கு அது பிடிக்காவிட்டால் பெயரை நீக்கட்டும்.

நீங்கள் பயப்பட வேண்டாம். இன்று சாப்பிட்டேன்.

உங்கள் மாணவன்,
கோபாலசிங்கம்