நாலாவது நட்டு

லாத்தா,

இன்று காலை தேக்கா சந்தையில் மீன்காரர் ஒரு பை ஐஸை வாளியில் கொட்டினார். அந்தச் சடசடப்பு காதில் விழுந்ததும் வாங்க வந்த மீனை மறந்துவிட்டு நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனார். ஆறு பை ஐஸை ஒரு வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் கொட்டி, அது உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டிப்போன இரண்டு பெண்களைப் பற்றி அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

அந்த வண்டியை வாங்கலாம் என்றது நீங்கள்தான். சாங்கியில் விமானங்களின் உட்பகுதிகளைப் பழுதுபார்க்கும் வேலையை விட்டுவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்து சேலை கட்டிவிடுகிறவள். பெண் உடை மாற்ற ஒழுங்கான ஓர் அறை கிடைப்பதில்லை என்று நான் புலம்புவதை ஓர் அக்காவைப் போலப் பல வருடங்களாகக் கேட்டவர் நீங்கள். ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, அறையைச் சக்கரத்தில் வைத்துக் கொண்டுபோனால் என்ன என்றீர்கள். படுக்கை, குளியலறை, குளிர்சாதனம் எல்லாம் உள்ளே அடங்கிய பழைய மோட்டார்ஹோம் ஒன்றை அதற்குள் பார்த்தும் வைத்திருந்தீர்கள். இருவரும் பங்குதாரர் ஆனோம். நீங்கள் ஓட்டுவீர்கள், நான் உள்ளே அலங்காரம் செய்வேன்.

வண்டியில் எல்லாம் ஒழுங்கு, ஒன்றைத் தவிர. கை கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் போய்ச்சேரும் தொட்டி ஒன்று வண்டிக்கு அடியில் இருந்தது. அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்ட, கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் மூன்று விளக்குகள். பொத்தானை அழுத்தினால் மூன்றும் எரியும், அதாவது தொட்டி நிறைந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்தவரின் பட்டறைக்குப் போய்ச் சொட்டு மிச்சமில்லாமல் காலிசெய்துவிட்டு வந்து அழுத்தினாலும் மூன்றும் எரியும். நான் அதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். உங்களால் முடியவில்லை. பொய் சொல்லும் விளக்கோடு ஒரே வண்டியில் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள்.

உங்களுக்கு முட்டிவலி. ஆகவே வண்டிக்கு அடியில் படுத்தது நான். பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நீங்கள் உள்ளேயிருந்து கட்டளையிட்டீர்கள். தொட்டியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக நான்கு உலோகத் திருகாணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வயர். மேலே உள்ள மூன்றும் ஆளுக்கொரு விளக்குக்கு, அடியில் இருப்பது எல்லாவற்றுக்கும் பொது. தண்ணீர் ஏறிவந்து அடித் திருகாணியையும் மேலே உள்ள ஒன்றையும் சேர்த்து நனைத்தால் அதற்குரிய விளக்கு எரியும் என்று விளக்கினீர்கள். உச்சியிலுள்ள வயரைக் கழற்றச் சொன்னீர்கள். கழற்றினேன். மேல் விளக்கு அணைந்துவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்ப பலகையும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. தொட்டிக்கு உள்ளதான் அழுக்கு. நீ பூசுற மேக்கப் எல்லாம் எங்க போவுதுன்னு நெனச்ச?"

உண்மைதான். கல்யாணம் இல்லாத நாட்களில் வண்டியை அமர்த்திய நாட்டியக்காரிகள் தேங்காயெண்ணெய் தடவி முகப்பூச்சைத் துடைப்பார்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். எண்ணெய், சோப்பு, பவுடர், முடி எல்லாம் தொட்டிச் சுவரில் களிம்பாகப் படிந்து, ஈரம் காயாமல், தண்ணீரே இல்லாதபோதும் திருகாணிக்குத் திருகாணி பாலம் போட்டிருந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தோம். மறுநாள்தான் அந்த ஐஸ், உருண்டு உருண்டு சுவரைச் சுரண்டட்டும் என்று. குளியலறைத் தரையின் துளை வழியாகக் கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளிவிட்டு, சுவா சூ காங்கில் என் வீட்டிலிருந்து சாங்கியிலிருந்த அந்தப் பட்டறைவரை போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் கடகடவென்று உருண்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கி எட்டிப்பார்த்தார். நீங்கள் அவருக்கு மரியாதையாகத் தலையசைத்தீர்கள்.

பட்டறையில் மூடியைத் திறந்ததும் வந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. காலிசெய்த பிறகு ஒரு விளக்கும் எரியவில்லை. நாம் கைதட்டினோம். எதற்கும் வயர் முனைகளில் பிடித்திருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டச் சொன்னீர்கள். மறுபடி அடியில் போனேன். மூன்றைத் தேய்த்து, நட்டைத் திருகுசாவியால் நன்றாக இறுக்கினேன். நாலாவதுக்கு, அதாவது அடியிலுள்ள பொது வயருக்கு வந்தபோது எங்கிருந்தோ ஒரு சொட்டு என் உதட்டில் விழுந்தது. நட்டை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே உருண்டு வந்துவிட்டேன்.

"எல்லாத்தையும் இறுக்கிட்டியா வள்ளி?"

"இறுக்கிட்டேன் லாத்தா."

அதன் பிறகு ஒரு மாதம் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குப் பெருமை. விளக்கே எரியவில்லை. நாம் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிறோம் என்றுகூட நான் சொன்னேன்.

சைனாடவுனில் ஒரு கல்யாணம். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தியிருந்தோம். பெண்ணுக்குத் தலை பின்னி முடித்துக் கூறைச்சேலையை விரித்தேன். பெண்ணின் தோழி கையைக் கழுவக் குழாயைத் திறந்தாள். குளியலறைத் துளையிலிருந்து சாம்பல்நிறத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி, நிலையைத் தாண்டி, தரையில் புரண்ட சேலைத்தலைப்பைத் தொட்டுவிட்டது. நீங்கள் ஓடிவந்து நனைந்த பகுதியைக் கையில் அள்ளினீர்கள். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரால் அலசி, இரண்டு பக்கமும் முடி உலர்த்தும் கருவியைப் பிடித்து, கால் மணி நேரத்தில் காயவைத்தீர்கள். கறை விழவில்லை, முகூர்த்தமும் தப்பவில்லை. பெண் சிரித்துக்கொண்டேதான் இறங்கிப் போனாள்.

கோபப்பட்டது நான் ஒருத்திதான். பெண்ணின் தாயார் வாசலில் நிற்கும்போதே சொன்னேன். "ஏரோப்ளேனையே பாத்தவங்கன்னு பேரு. ஒரு தண்ணித் தொட்டியப் பாத்துக்க முடியல."

நீங்கள் குனிந்து தரையைத் துடைத்தீர்கள். என்னை வீட்டில் இறக்கிவிடும்வரை ரேடியோவைக்கூடப் போடவில்லை. அடுத்த மூன்று வாரமும் வேலையைப் பற்றி மட்டும் பேசினீர்கள், அதுவும் அளந்து. கோபத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்து நானும் வீம்பாக இருந்தேன்.

ஆனால் ஒன்று என்னை அரித்தது. தொட்டி நிரம்பி வழிந்த அன்றும் ஒரு விளக்குகூட எரியவில்லையே. மூன்றும் ஒரே நேரத்தில் கெடுமா? கெடாது. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான். பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது இது புரிந்தது. என் உதட்டில் விழுந்த சொட்டும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போகாமல் வண்டி நிற்கும் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்ப்பேட்டைக்குப் போய், வேலைக்குப் போட்டிருந்த நல்ல உடையோடே வண்டிக்கு அடியில் நுழைந்தேன். நாலாவது வயர் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நட்டைக் காணவே இல்லை.

உங்களைக் கீழே கூப்பிட்டேன். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்தீர்கள். பலகையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வயரைத் திருகாணியில் விரலால் அழுத்திப் பிடித்தேன். இரண்டு விளக்கு எரிகிறது என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வசதியாக அடியிலேயே படுத்துக்கொண்டு, இறுக்கியதாக அன்று நான் சொன்னது பொய் என்றேன். பிறகு வலிக்கும் முட்டியை மடக்கி நீங்கள் தரையில் உட்காருவது தெரிந்தது.

"நா என் தப்புன்னே நெனச்சிட்டேன்லா. மூடியத் தொறந்து கண்ணால ஒரு தடவ பாத்திருக்கணும், வெளக்க நம்பிட்டேன்னு. கண்ணும் போச்சு, மூளையும் போச்சு, என் பங்க வித்துட்டு ஒதுங்கிடலாம்னு இருந்தேன்."

மூன்று வாரமும் நீங்கள் கோபத்தில் இல்லை, வெட்கத்தில் இருந்திருக்கிறீர்கள். நான் அழ ஆரம்பித்தேன். நீங்கள் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள். என் முகத்திலிருந்த கரியைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வந்தது, அது எனக்கும் தொற்றியது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் நம்மைச் சுற்றிப்போனார்கள். பிறகு புது நட்டு வாங்கினோம். நான் இறுக்கினேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை என்று சொல்லிக்கொண்டே படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் சேர்ந்து ஓட்டினோம். போன வருடம் நோய் உங்களை இரண்டே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. அடக்கம் செய்த இடம் என் வீட்டுக்குப் பக்கம்தான். நோன்புப் பெருநாளன்று உங்கள் மகள் வந்து என்னையும் அங்கே அழைத்துப்போனாள்.

வண்டியை இப்போது நான் ஓட்டுகிறேன். ரிவர்ஸ் எடுப்பதை மட்டும் நீங்கள் பார்க்காமல் இருப்பது நல்லது.

போன மாதம் ஒரு பெண்ணின் ரவிக்கையை இஸ்திரி போடும்போது கை ஓரத்தைக் கருக்கிவிட்டேன். சின்னக் கருகல், சேலை மடிப்பில் மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு கையாலும் ரவிக்கையை ஏந்திக்கொண்டு இறங்கிப்போய், பெண்ணின் தாயாரிடம் நான்தான் கருக்கினேன் என்று சொன்னேன். அந்த அம்மா ரவிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று தைத்து வைத்திருக்கிறேன் என்று பையைத் திறந்தார்.

பயம் அரை நிமிடம்தான் இருந்தது, லாத்தா. முன்பெல்லாம் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆகும்.

உங்கள்
வள்ளி