மாப்பிள்ளை ரேடியோவைத் திறக்கும் முன்

கரமனை, திருவனந்தபுரம்
3-5-1944

சௌபாக்கியவதி விஜயத்துக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பகவான் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நாகபுரி வெயிலில் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் நினைப்பு. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, அப்படியும் வெளிச்சம் போதாமல் பெரிய பல்பு வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய், அவசரப்படாதே. ஸ்விட்சை அணைத்து, பல்பு நன்றாக ஆறியபின் உலர்ந்த துணியால் துடைத்துப் பார், சமையல் புகை படிந்தால் நாற்பது வாட் பல்பும் மங்கித்தான் எரியும், இங்கே வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறோம். சுவருக்கு ஒரு தரம் சுண்ணாம்பு அடித்தால் அதே பல்பில் அறை பளிச்சென்று ஆகிவிடும். நடைக்குப் பதினைந்து வாட் தாராளம். சாயங்காலம் எல்லோரும் ஒரே விளக்கடியில் இருந்து அவரவர் வேலையைப் பார்த்தால் மற்ற அறைகளில் விளக்கே வேண்டாம்.

போகிற போக்கில் இன்னொரு வரி எழுதியிருக்கிறாய், ரேடியோ ஓயாமல் இரைகிறது, லீவு கிடைத்ததும் மாப்பிள்ளையே திறந்து பார்க்கப் போகிறார் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பங்குனியில் அம்மா கையெழுத்தில் வந்த கடிதத்தில் எனக்கு ஜலதோஷம் என்று இருந்ததே, அது நான் சொல்லி எழுதவைத்த பொய். நம் ரேடியோ திடீரென்று ஊமையாகிவிட்டது. கடையில் கேட்டதற்கு வால்வு போய்விட்டது, யுத்த காலம், மெட்ராஸிலிருந்து வரவேண்டும், நாற்பது ரூபாய் ஆகும் என்றார்கள். இதென்ன பிரமாதம் என்று நானே ஸ்டூலில் உட்கார்ந்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றி உள்ளே கையை விட்டேன். யாரோ தோளில் ஓங்கி அறைந்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். ஸ்டூலோடு சாய்ந்து நிலைப்படியில் தலை மோதி நினைவு தப்பிவிட்டது, வலது மணிக்கட்டும் பிசகிவிட்டது. கரண்ட் இன்னும் என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைத்து உன் அம்மா மணைப்பலகையால் ரேடியோவை அப்பால் தள்ளினாளாம். அடுத்த தெரு ஒயர்மேன் தாசையன் சத்தம் கேட்டு ஓடிவந்து தண்ணீர் தெளித்து என்னை எழுப்பினார். "சாமி, பிளக்கை ஊரி எடுத்தா மட்டும் போராது கேட்டோ, உள்ளே கண்டன்சர்னு ஒரு டப்பா கரண்டைப் பிடிச்சு வெச்சிருக்கும், தெரியாதவங்க கை வைக்கப்படாது" என்றார். மறுநாள் அவரே வந்து வால்வைக் கழற்றிக் காட்டினார், அதற்கு ஒரு கேடும் இல்லை, கடல் காற்றில் அதன் கால்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, அவ்வளவே. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார், ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது.

ஆகையால் உங்கள் ரேடியோவில் கை வைக்க வேண்டாம். வெளியே எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கோடையில் மண் காய்ந்தால் இரைச்சல் வருமாம். ஏரியல் கம்பி மரக்கிளையில் உரசுகிறதா என்றும் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் விஷயம் தெரிந்தவரை அழைத்து வந்து கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள்.

தாசையன் பிற்பாடு ஒன்று சொன்னார். முப்பத்தொரு வருஷமாக என் பெயரை வாயால் சொல்லாதவள், ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னவள், உன் அம்மா, அன்று என் பெயரைச் சொல்லி அலறினாளாம், தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம். அவளிடம் கேட்டால் இல்லவே இல்லை என்கிறாள், கண் மட்டும் கலங்குகிறது. விஜயம், உனக்கு அப்படிக் கூப்பிட நேரக்கூடாது, அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இவ்வளவும் எழுதினேன். மாப்பிள்ளைக்கு நீயே படித்துக் காட்டு, என்னை நினைத்துச் சிரித்தாலும் பரவாயில்லை. குழந்தையை வெயிலில் விடாதே. இது கண்டதும் ஒரு கார்டாவது போடு. அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம், தீர்க்க சுமங்கலியாக இரு.

உன் அப்பா,
நாகேஸ்வரன்